ஒரே இடத்தில் மூன்று முறை பிய்ந்த உள்ளங்கை: ஒரு நிகழ்வு ஆய்வு

என்னிடம் பளு தூக்கும் பயிற்சி எடுக்கும் ஒரு பெண்ணுக்கு ஏழு வாரத்துக்குள் மூன்று தடவை உள்ளங்கைத் தோல் பிய்ந்தது. மூன்று தடவையும் வலது கை, மோதிர விரலின் அடி. முதல் தடவை, "பளு தூக்குறவங்களுக்கு இதெல்லாம் சகஜம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டாம் தடவை, காய்ப்பை ஒழுங்காகத் தேய்த்து எடுக்கவில்லை என்று அவரையே குறை சொன்னேன். மூன்றாம் தடவை பிய்ந்தபோதுதான் நான் சொன்ன யோசனையே ஒரு காரணமாக இருக்குமோ என்று உறைத்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வாரம் நாங்கள் செய்தவற்றை, என் தவறுகளையும் சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான், ஆனால் யாரென்று தெரிய வேண்டியதில்லை.

வயது 36. நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலை. பதினான்கு மாதமாக வாரம் மூன்று நாள் என்னிடம் பயிற்சி எடுக்கிறார். அப்போது ஸ்னாட்ச் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல்) 35 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க் (கிளீனில் தோள் வரை, ஜெர்க்கில் தலைக்கு மேல்) 47 கிலோ, டெட்லிஃப்ட் (தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை) 85 கிலோ தூக்கிக்கொண்டிருந்தார். தன் முதல் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார். அதற்குப் பதின்மூன்று வாரம் மீதி இருந்தது. அந்த ஏழு வாரத்தின் 21 வகுப்புகளில் எட்டு வகுப்புகளில் பாரையே, அதாவது எடை மாட்டும் கம்பியையே, சரியாகப் பிடிக்க முடியாமல் போயிருந்தது. சர்க்கரை நோய் இல்லை, தோல் நோய் எதுவும் இல்லை, தொடர்ந்து சாப்பிடும் மருந்தும் இல்லை. இதை நான் முதலில் கேட்டதற்குக் காரணம் உண்டு. சர்க்கரை நோய், ரத்த ஓட்டக் குறைவு, கையில் மரத்துப்போன உணர்வு இவற்றில் ஏதாவது இருந்தால் காய்ப்பைத் தொடும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இங்கே நாங்கள் செய்ததை அப்படியே பின்பற்றக் கூடாது.

கையில் கண்டது

மேலே எரியும் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து இரண்டு கைகளையும் பார்த்தேன். நேர் வெளிச்சத்தில் காய்ப்பு வெறும் மஞ்சள் திட்டாகத்தான் தெரியும். பக்க வெளிச்சத்தில் அதன் மேடும் ஓரமும் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். பிறகு வாராவாரம் அதே விளக்கு, அதே கோணத்தில் படம் எடுத்து வைத்தோம்.

இடது கையில் நான்கு விரல்களின் அடியிலும் காய்ப்பு தடிமனாக, ஒரே சீராகப் படர்ந்திருந்தது. பார்க்க அழகாக இல்லை. ஆனால் அது ஒரு தடவைகூடப் பிய்ந்ததில்லை. வலது கை வழவழவென்று இளஞ்சிவப்பாக இருந்தது. முதல் தடவை பிய்ந்ததிலிருந்து அதை மட்டும் தினமும் தேய்த்திருக்கிறார். அந்த வழவழப்புக்கு நடுவே, மோதிர விரலின் அடியில் மட்டும், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கெட்டியான திட்டு மிஞ்சியிருந்தது. அதன் ஓரத்தில்தான் புதுக் காயம்.

"மாஸ்டர், நீங்க சொன்னதுக்கு மேலேயே தேய்ச்சேன். அப்புறம் ஏன் பிய்யுது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. காய்ப்பு அதிகமாக இருந்த கை தாக்குப்பிடித்திருக்கிறது, தேய்த்து எடுத்த கை பிய்ந்திருக்கிறது. நான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததற்கு இது நேர் எதிர்.

உள்ளங்கைத் தோலின் குணத்தைக் கொஞ்சம் பார்த்தால் இது புரியும். தோலின் மேல்பரப்பு கெரட்டின் என்ற புரதம் நிறைந்த இறந்த செல்கள் அடுக்கடுக்காக இறுகியது. ஓர் இடத்தில் அழுத்தமும் உராய்வும் தொடர்ந்து விழுந்தால் அந்த அடுக்கு தடித்துக்கொண்டே போகும். அதுதான் காய்ப்பு. உடம்பு தானாகப் போட்டுக்கொள்ளும் கவசம் அது, நோய் இல்லை. உள்ளங்கையில் முடி முளைப்பதில்லை, அதனால் எண்ணெய்ச் சுரப்பிகளும் இல்லை. வியர்வைச் சுரப்பிகள் மட்டும் ஏராளம். கவனிக்காமல் விட்டால் அங்கே தோல் சீக்கிரம் வறண்டு விறைத்துவிடுவது இதனால்தான்.

இன்னொரு குணம்: உள்ளங்கையின் மேல்தோல் தடிமனானது, அடியோடு இறுகப் பிணைந்தது. பார் தோலைக் கவ்விப் பிடித்திருக்க, உள்ளே எலும்பு நகர்கிறது. இடையில் மாட்டிய அடுக்குகள் எதிரெதிராக இழுபடுகின்றன. மெல்லிய தோல் உள்ள இடமாக இருந்தால் இந்த உராய்வில் சிராய்த்துப் போய்விடும். உள்ளங்கையில் மேல் அடுக்கு தாங்கிக்கொள்ள, அதற்குக் கீழே உயிருள்ள செல்களின் அடுக்கில் விரிசல் விட்டு நீர் கோக்கிறது. காய்ப்பு பிய்ந்தது என்று நாம் சொல்வது பெரும்பாலும் காய்ப்புக்கு அடியில் எழுந்த கொப்புளத்தின் கூரை பிய்த்துக்கொண்டு வருவதைத்தான். கெட்டித் தோலும் இளகிய தோலும் சட்டென்று சந்திக்கும் கோட்டில் இழுவை குவியும். இடது கையில் அப்படி ஒரு கோடே இல்லை. காய்ப்பு மெதுவாகத் தடித்து மெதுவாக மெலிந்தது. வலது கையில் நாங்களே அந்தக் கோட்டைத் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியிருக்கிறோம்.

சரி, ஓரம் எப்படி வந்தது என்பது புரிந்தது. ஆனால் அந்தத் திட்டு ஏன் அந்த ஒரு விரலடியில் மட்டும் திரும்பத் திரும்ப வளர்கிறது?

பேனாக் கோடு

இதற்கு நான் செய்த சோதனை மிக எளிது. அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் பேனாவால் இரண்டு கோடுகள் போட்டேன். ஒன்று, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மடிப்பில். மற்றொன்று அதற்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே. 60 கிலோ டெட்லிஃப்டை மூன்று முறை தூக்கச் சொல்லி, கையை மட்டும் அருகிலிருந்து படம் பிடித்தேன்.

பாரைத் தொடும்போது அவர் அதைக் கீழ்க்கோட்டில், உள்ளங்கையின் சதையில் வைத்து இறுக்கினார். புதிதாக வருபவர்கள் எல்லாரும் அப்படித்தான் பிடிப்பார்கள். முழுக் கையாலும் பிடித்தால்தான் பிடி பலம் என்று தோன்றும். எடை தரையை விட்டதும் பார் மேல்கோட்டுக்கு இறங்கியது. எப்படிப் பிடித்தாலும் அது அங்கேதான் வந்து நிற்கும், ஏனென்றால் எடையைக் கடைசியில் தாங்குவது விரல்களின் கொக்கிதான். இறங்கும்போது இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்த சதையைச் சுருட்டிக்கொண்டு வந்து விரலடியில் ஒரு மடிப்பாக நசுக்கியது. ஒவ்வொரு ரெப்பிலும், அதாவது ஒவ்வொரு தடவை தூக்கும்போதும், அதே மடிப்பு, அதே நசுக்கல்.

வலது கையில் அந்த மடிப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மோதிரம் இருந்தது. ஒருபக்கம் பார், மறுபக்கம் உலோக வளையம், நடுவே தோல். திட்டு ஏன் பொத்தான் அளவில், ஏன் அந்த விரலில் மட்டும் என்பதற்கு விடை அவர் விரலிலேயே இருந்தது. பதினான்கு மாதத்தில் மோதிரத்தைக் கழற்றச் சொல்லி ஒரு தடவைகூட நான் வாய் திறக்கவில்லை. காய்ப்பு கிடக்கட்டும், மோதிரத்தோடு பாரிலோ புல்-அப் கம்பியிலோ மாட்டிக்கொண்டால் விரலின் தோலும் சதையும் உறைபோல உரிந்துவிடும் அபாயம் உண்டு. இது என் தவறுகளில் பெரியது.

மூன்றாவது சந்தேகம் பாரின் மேல். பளு தூக்கும் போட்டியில் பெண்களுக்கான பார் 15 கிலோ எடை, 25 மில்லிமீட்டர் தடிமன். ஆண்களுக்கானது 20 கிலோ, 28 மில்லிமீட்டர். எங்கள் கூடத்தில் பெண்களுக்கான பார் ஒன்றே ஒன்றுதான், அது எப்போதும் யார் கையிலாவது இருக்கும். காத்திருக்கப் பொறுமையில்லாமல் அவர் டெட்லிஃப்டுக்கென்று வைத்திருந்த 29 மில்லிமீட்டர் பவர் பாரில் கிளீன் செய்துகொண்டிருந்தார். பவர் பாரின் பிடிப்பகுதி ரம்பம்போலச் சொரசொரப்பானது. தட்டுகள் மாட்டும் முனைகளும் அதில் லகுவாகச் சுழலாது. டெட்லிஃப்டில் பார் சுழல வேண்டியதில்லை, அதனால் பாதகமில்லை. கிளீனில் கை பாரைச் சுற்றித் திரும்ப வேண்டும். முனை சுழலாவிட்டால் அந்தச் சுழற்சி முழுவதும் உள்ளங்கைத் தோலில்தான் நடக்கும்.

இடையில் ஒரு கிளைக்கதை. இடது கையில், ஆள்காட்டி விரலுக்குக் கீழே, சற்று ஒதுங்கி ஒரு சின்ன மேடு இருந்தது. அதையும் காய்ப்பு என்று நினைத்து அவ்வப்போது தேய்த்திருக்கிறார். பார் படாத இடத்தில் காய்ப்பு எதற்கு வரும்? உற்றுப் பார்த்தால், காய்ப்பின் மேல் ஓடுவதைப் போல உள்ளங்கையின் ரேகைகள் அதன் மேல் ஓடவில்லை, சுற்றிக்கொண்டு போயின. உள்ளே குத்தூசி முனை அளவில் இரண்டு மூன்று கறுப்புப் புள்ளிகள். மரு என்று எனக்குப் பட்டது. தோல் மருத்துவரும் அதையே சொல்லி மருந்து கொடுத்தார். மரு கிருமியால் வருவது. அதைத் தேய்த்த அதே அரத்தால் மற்ற இடங்களைத் தேய்த்தால் பரவும். பழைய அரம் குப்பைக்குப் போனது. நல்லவேளை, அந்தக் கருவியை அவர் வேறு யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

காயம் முதலில்

முதல் இரண்டு தடவையும் அவர் காயத்தில் ஸ்பிரிட் ஊற்றி, காற்றாடத் திறந்தே விட்டிருந்தார். காயம் பொருக்கு கட்டிக் கெட்டியானது. பாரைப் பிடித்ததும் பொருக்கு வெடித்து மறுபடி ரத்தம். காயம் காய வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம், அதனால் அதை ஈரமாக வைப்பது தப்பாகத் தோன்றும். ஆனால் 1962-இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், மூடி ஈரம் காத்த காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. இன்றைய காயக் கட்டுகள் பலவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

மூன்றாம் காயத்துக்கு இப்படிச் செய்தோம். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, உள்ளே ஒட்டியிருந்த சாக் பொடி (பிடி வழுக்காமல் இருக்கக் கையில் பூசும் வெள்ளைப் பொடி) முழுவதையும் போக்கினோம். எரியும்தான், ஆனால் பொடியை உள்ளே விட்டுவைக்கக் கூடாது. தொங்கிக்கொண்டிருந்த தோல் அழுக்கேறிச் சுருண்டிருந்ததால், சுத்தப்படுத்திய சிறு கத்தரிக்கோலால் அதை மட்டும் ஒட்ட வெட்டினோம். சுத்தமாக, பாதி ஒட்டியபடி இருந்திருந்தால் அப்படியே மேலே படியவிட்டு மூடியிருப்பேன். அதைவிட நல்ல கட்டு கிடையாது. மேலே பெட்ரோலியம் ஜெல்லி, அதன்மேல் ஒட்டாத வகைக் கட்டு, தினமும் ஒரு மாற்று. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார் என்றும் கேட்டேன். நான்கு ஆண்டுக்கு முன் போட்டிருந்தார். பத்து ஆண்டு தாண்டியிருந்தாலோ, காயத்தில் மண் அழுக்கு பட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தாலோ மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். சிவப்பு பரவுவது, சீழ், கையில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் அங்கேயே நிற்க வேண்டும். எதுவும் வரவில்லை. ஏழாம் நாள் புதுத் தோல் மூடியிருந்தது. முதல் இரண்டு தடவையும் பத்து, பதினொரு நாள் ஆனது. ஒரே கையின் மூன்று காயங்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பொருக்கு வெடிக்கவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த ஒரு வாரமும் ஸ்குவாட், தோள் பயிற்சிகள், ஓட்டம். பார் இழுக்கும் வேலை எதுவும் இல்லை.

ஒவ்வொன்றாக மாற்றியது

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அதனால் இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை பிடியையும் மோதிரத்தையும் மட்டும் மாற்றினோம். பாரை மேல்கோட்டில், விரலடி மடிப்பிலேயே வைத்து, அங்கிருந்து விரல்களைச் சுற்றுவது. முதல் வாரம் முழுக்கப் புலம்பினார். "விரல் நுனியில தொங்குற மாதிரி இருக்கு மாஸ்டர், நழுவிடும்னு பயமா இருக்கு." எடையை நான்கில் ஒரு பங்கு குறைத்தேன். கட்டை விரலை உள்ளே வைத்து மேலே விரல்களால் பூட்டும் ஹூக் பிடியை டெட்லிஃப்டுக்கும் கொண்டுவந்தோம். அது கட்டை விரலுக்கு வேதனைதான், ஆனால் உள்ளங்கையைப் பாரோடு நெருக்கும் தேவையைக் குறைக்கும். மூன்றாம் வாரம் மறுபடி பேனாக் கோடு போட்டுப் பார்த்தபோது பார் நகர்ந்த தூரம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. பக்க வெளிச்சப் படங்களில் பொத்தான் திட்டின் நிழலும் மங்கியது.

இந்த மூன்று வாரமும் வலது கையைத் தேய்க்கவே கூடாது என்று சொல்லியிருந்தேன். இது அவருக்குப் பிடியை மாற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. தேய்ப்பது பழக்கமாகி, கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதுகூட நகத்தால் பிய்த்துக்கொண்டிருப்பாராம். தோலுக்குத் தன் கவசத்தைத் திரும்பக் கட்ட அவகாசம் வேண்டியிருந்தது.

ஐந்தாம் வாரத்தில்தான் தேய்ப்பதைத் திரும்பத் தொடங்கினோம், வேறு விதமாக. வாரம் இரண்டு முறை, பயிற்சி இல்லாத நாள் இரவில். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைத்தால் காய்ப்பு வெளுத்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும். அதைப் பார்த்துக்கொண்ட பிறகு கையைத் துடைத்து, ஈரம் கொஞ்சம் வற்றியதும் பியூமிஸ் கல்லால் ஓரத்தை மட்டும் சரிவாக்க வேண்டும். ஊறிய தோல் கல்லுக்கு மிக எளிதாக வந்துவிடும், எவ்வளவு போனது என்பது மறுநாள்தான் தெரியும். எனவே ஊறிய நிலையிலேயே தேய்க்க வேண்டாம் என்பது என் எண்ணம். பிளேடு, சவரக்கத்தி பக்கமே போகக் கூடாது. எங்கே நிறுத்துவது? ஒரு மெல்லிய துணியை உள்ளங்கை மேல் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். துணி எங்கும் சிக்காமல் போனால் வேலை முடிந்தது. காய்ப்பு இன்னும் தடிமனாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

தினமும் படுக்கும் முன் பத்து சதவீத யூரியா கலந்த கிரீம். யூரியா தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், விறைப்பைத் தளர்த்தும். இருபது, நாற்பது சதவீதம் என்று மேலே போனால் அது தோலைக் கரைக்கும் வேலையைத் தொடங்கிவிடும், நமக்கு அது தேவையில்லை. சாலிசிலிக் அமிலப் பூச்சுகளையும் அதே காரணத்துக்காகத் தவிர்த்தோம். பயிற்சிக்குப் போகும் நாள் காலையில் கிரீம் கிடையாது, கை வழுக்கும்.

சாக் பொடி, அதாவது மெக்னீசியம் கார்பனேட், வியர்வையை உறிஞ்சும். அவர் ஒவ்வொரு ரெப்புக்கும் இடையில் போய்க் கையை வெள்ளையடித்துக்கொண்டு வருவார். அது காய்ப்பின் ஓரத்தில் அப்பிக்கொள்ளும், தோலையும் வறட்டும். செட்டுக்கு (தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்றுக்கு) ஒரு முறை, மெல்லிய பூச்சு, அவ்வளவுதான் என்று வைத்தோம். வகுப்பு முடிந்ததும் கழுவியாக வேண்டும்.

கையுறை போட்டால் தீர்ந்தது என்று கூடத்தில் ஐந்து பேராவது அவருக்குச் சொல்லியிருப்பார்கள். கையுறை பாரைச் சுற்றி ஒரு தடிமனைக் கூட்டுகிறது, பிடி இன்னும் அகலமாகிறது. துணி மடிந்தால் அதுவே ஒரு புது ஓரம். உடற்பயிற்சிக்காக மட்டும் தூக்குபவர், கை மென்மையாக இருந்தாக வேண்டிய வேலை செய்பவர் போட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மணிக்கட்டையும் பாரையும் சேர்த்துக் கட்டும் ஸ்ட்ராப்பைப் பளு தூக்கும் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். பயிற்சியில் கனமான இழுவைச் செட்டுகளுக்கு மட்டும், அதுவும் கை களைத்த நாளில், கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

ஏழாம் வாரம் பாரை மாற்றினோம். ஸ்னாட்சும் கிளீனும் 25 மில்லிமீட்டர் பாரில் மட்டும். அதற்காக அவர் வகுப்பை அரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டார். போட்டியில் தூக்கப்போவதும் அதே அளவு பார்தான் என்பதால் இது எப்படியும் செய்திருக்க வேண்டியது.

எட்டாம் வாரம் ஒரு சறுக்கல். விடுமுறை நாளில் தோழிகளோடு பந்தயம் வைத்து, தொங்கி ஆடி எடுக்கும் புல்-அப்பை நூறு வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார். அறுபதுக்குப் பக்கத்தில் இடது கை நடுவிரலின் அடியில் சுரீரென்று ஒரு சூடு. முன்பென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்திருப்பார். இந்தத் தடவை இறங்கிவிட்டார். அந்தச் சூடுதான் அடுக்குகள் பிரியத் தொடங்கும் முன்னறிவிப்பு. அப்போதே நிறுத்திவிட்டால் தோல் பிய்யும் அளவுக்குப் போகாது. மறுநாள் லேசான சிவப்பு மட்டும், ஒரு வகுப்பு தள்ளிப்போனது. பார் நிலையாக இருந்து உடம்பு ஆடும்போது கை கம்பியில் சுழல்கிறது, நாங்கள் கட்டிவைத்த பிடி ஒழுங்கு அங்கே செல்லாது. அதற்கு இன்னும் என்னிடம் நல்ல வழி இல்லை. எண்ணிக்கையைக் குறைப்பது ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்பார் என்ற நம்பிக்கை பாதிதான்.

மற்றபடி பன்னிரண்டு வாரத்தில் தோல் ஒரு முறையும் பிய்யவில்லை. முதல் வாரத்தைக் கழித்தால் கையால் தவறிய வகுப்பு அந்த ஒன்றுதான். இதில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்லச் சொன்னால், பிடிக்கும் மோதிரத்துக்கும்தான் முதலிடம் தருவேன்; தேய்ப்பதற்கு முன்பே திட்டின் நிழல் மங்கத் தொடங்கியிருந்தது. பிடியா மோதிரமா என்று கேட்டால் மாட்டிக்கொள்வேன், இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டேன். மோதிரத்தைக் கழற்றச் சொல்வதை மூன்று வாரம் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

போட்டிக்கு மூன்று நாள் முன்பு கடைசியாகத் தேய்த்தார். அதற்கு மேல் நெருங்கித் தேய்த்திருந்தால் தோல் எரிச்சலோடு மேடைக்குப் போயிருப்பார். ஸ்னாட்ச் 38, கிளீன் அண்ட் ஜெர்க் 51. கட்டை விரலில் டேப் மட்டும். மரு இன்னும் முழுசாகப் போகவில்லை, மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். வகுப்பு நேரத்தில் மோதிரம் இப்போது ஒரு சின்னச் சுருக்குப்பைக்குள் கிடக்கிறது. வகுப்புக்கு வந்ததும் அதைக் கழற்றி என் முன்னால் ஒரு முறை ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போடுவார்.